64 கிலோபைட்டுக்குள் ஒரு ஆர்க்கெஸ்ட்ரா



இந்த வாரம் கொஞ்சம் நீளமான பதிவு. காப்பியோ டீயோ கையில் எடுத்துக்கொண்டு உட்காருங்கள். வழக்கமாக நான் சோழர் காலத்து ஏரி, கம்பெனிக்காரன் போட்ட நிலவரி என்று எழுதுவேன். இன்றைக்கு வீடியோ கேம் இசை. "சாருக்கு என்ன ஆச்சு?" என்று பழைய பத்தாம் வகுப்பு பி பிரிவு பையன்கள் சிரிப்பது இங்கே வரை கேட்கிறது. சிரியுங்கள், தப்பில்லை. முழுவதும் படித்துவிட்டுச் சிரியுங்கள்.

என்னிடம் படித்த ஒரு மாணவி போனில் கேட்ட கேள்விதான் இதற்குக் காரணம். "சார், என் பையன் படிக்கும்போதெல்லாம் ஏதோ ஒரு கேம் மியூசிக்கைப் போட்டுக்கொள்கிறான். கேட்டால், அம்மா, இது ஆர்க்கெஸ்ட்ரா என்கிறான். விளையாட்டுச் சாமானுக்கு எதற்கு சார் நூறு பேர் வாசிக்கிற இசை?"

நல்ல கேள்வி. இதற்கு வரலாற்றில் பதில் இருக்கிறது. கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1717 ஜூலை 17. இங்கிலாந்து அரசர் முதலாம் ஜார்ஜ் தேம்ஸ் நதியில் படகில் உல்லாசமாகப் போகிறார். பக்கத்துப் படகில் ஐம்பது வாத்தியக்காரர்கள். அவர்கள் வாசிக்க இசை எழுதிக் கொடுத்தவர் ஹாண்டெல். அரசருக்கு அது பிடித்துப்போய், மறுபடி வாசி, மறுபடி வாசி என்று மூன்று தடவை வாசிக்கச் சொன்னதாக அன்றைய செய்தித்தாளே எழுதியது. படகுச் சவாரிக்குத் துணையாக எழுதிய அந்த இசையை இன்று உலகம் முழுக்கப் பெரிய அரங்குகளில் டிக்கெட் வாங்கிக் கேட்கிறார்கள். அரசர்கள் சாப்பிடும்போது வாசிப்பதற்கென்றே எழுதிய இசையும் உண்டு, வாணவேடிக்கைக்கு எழுதியதும் உண்டு, நடனத்துக்கு எழுதியதும் உண்டு. இன்று நாம் 'கிளாசிக்கல்' என்று மரியாதையோடு சொல்லும் இசையில் பெரும்பகுதி ஏதோ ஒரு காரியத்துக்கு ஊழியம் செய்யப் பிறந்ததுதான். ஊழியம் முடிந்த பிறகும் எது நிற்கிறதோ அதைத்தான் காலம் கலை என்று ஏற்றுக்கொள்கிறது.

ஆகவே, விளையாட்டுக்காக எழுதப்பட்டது என்ற ஒரே காரணத்தால் ஒன்றைத் தள்ளிவிட முடியாது. விளையாட்டு முடிந்த பிறகும் அது நிற்கிறதா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

இனி ஜப்பானுக்குப் போவோம். 1978-ல் டைட்டோ நிறுவனம் 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' என்ற ஆட்டத்தை வெளியிட்டது. மேலிருந்து வரிசை வரிசையாக வேற்றுகிரகவாசிகள் இறங்கி வருவார்கள், நாம் கீழிருந்து சுட வேண்டும். அதில் இசை என்று இருந்தது நான்கே நான்கு சுரம். டும், டும், டும், டும் என்று திரும்பத் திரும்ப ஒலிக்கும். ஆனால் நாம் சுடச் சுட, எதிரிகள் குறையக் குறைய அந்த நான்கு சுரங்களின் வேகமும் கூடும். ஆடுகிறவனின் நெஞ்சுத் துடிப்பும் கூடும். சினிமாவில் இசையமைப்பாளருக்குக் கதாநாயகன் எந்த நொடியில் கதவைத் திறப்பான் என்று தெரியும். இங்கே அது ஆடுகிறவன் கையில் இருக்கிறது. அவனுடைய வேகத்துக்கு இசை வளைந்துகொடுக்க வேண்டும். இந்தக் கலையின் அடிப்படை இலக்கணம் அந்த நான்கு சுரங்களிலேயே வந்துவிட்டது.

1983 ஜூலையில் நிண்டெண்டோ நிறுவனம் 'ஃபேமிகாம்' என்ற பெட்டியை ஜப்பானில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. பெயர் புதிதாக இருக்கலாம், பொருள் உங்களுக்குப் புதிதல்ல. 90-களில் நம் ஊர் வீடுகளில் 'டிவி கேம்' என்று வந்ததே, 'கேசட்'டை ஊதி ஊதிச் செருகினீர்களே, அவற்றில் பெரும்பாலானவை இந்தப் பெட்டியின் நகல்கள்தான். மரியோ குதித்தது அதில்தான்.

அந்தப் பெட்டிக்குள் ஒலி எழுப்ப ஐந்து வழிகள் இருந்தன. மெட்டு வாசிக்கக் கூடியவை மூன்று. நான்காவது, தாளத்துக்கும் வெடிச்சத்தத்துக்கும் உதவும் ஓர் இரைச்சல். ஐந்தாவது, பதிவு செய்த சிறு ஒலித்துண்டுகளைக் கரகரப்பாக ஒலிக்கும். அதாவது ஒரே நேரத்தில் மூன்று சுரம், அதற்கு மேல் இல்லை. இதிலும் ஒரு சிக்கல். ஆட்டத்தில் கதவு திறக்கும் ஓசை, வாள் வீசும் ஓசை என்று ஏதாவது வந்தால், இசை வாசித்துக்கொண்டிருக்கும் குரல்களில் ஒன்றை அது பிடுங்கிக்கொள்ளும். அந்த நேரத்தில் மிச்சம் இரண்டே குரல். கச்சேரி நடுவே வயலின்காரரை யாரோ எழுப்பிக் கூட்டிக்கொண்டு போய்விட்டால் எப்படி இருக்கும், யோசித்துப் பாருங்கள்.

இந்தப் பெட்டிக்கு 1986 மே 27-ல் வந்த ஆட்டம்தான் 'டிராகன் குவெஸ்ட்'. எனிக்ஸ் நிறுவனம் வெளியிட்டது. கதையையும் ஆட்டத்தையும் வடிவமைத்தவர் யூஜி ஹோரி. நிரல் எழுதிய குழுவுக்குத் தலைவர் கோய்ச்சி நகமுரா. படம் வரைந்தவர் அகிரா டோரியாமா. ஆம், உங்களில் பலர் பார்த்து வளர்ந்த 'டிராகன் பால்' டோரியாமாதான். இசை கோய்ச்சி சுகியாமா.

மொத்த ஆட்டமும் 64 கிலோபைட். படம், கதை, வசனம், நிரல், இசை எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் காலையில் வரும் 'இனிய காலை வணக்கம்' ரோஜாப்பூப் படம்கூடப் பல நேரம் இதைவிடப் பெரிதாக இருக்கும்.

சுகியாமாவுக்கு அப்போது 55 வயது. 1931-ல் டோக்கியோவில் பிறந்தவர். இசைக் கல்லூரிப் படிப்பு கிடையாது, டோக்கியோ பல்கலைக்கழகத்தில் வேறு பாடம் படித்தவர். வானொலியில் வேலை, பிறகு ஃபுஜி தொலைக்காட்சியில் இயக்குநர், அதன் பிறகு வேலையை விட்டுவிட்டு முழுநேர இசையமைப்பாளர். 60-களில் ஜப்பானிய இளைஞர்கள் பைத்தியமாகத் திரிந்த பாப் குழுக்களுக்குப் பாட்டு எழுதியவர். விளம்பரம், தொலைக்காட்சி, அனிமே என்று கைநிறைய வேலை இருந்தவர். இப்படிப்பட்டவர் ஒரு பொம்மைப் பெட்டிக்குள் எப்படி வந்தார்?

ஒரு தபால் அட்டையால். எனிக்ஸ் வெளியிட்ட கணினிச் சதுரங்கம் ஒன்றை (ஷோகி என்கிற ஜப்பானியச் சதுரங்கம்) வாங்கி ஆடினார். ஆட்டப் பெட்டிக்குள் வாடிக்கையாளர் கருத்து எழுதுவதற்கு ஓர் அட்டை இருந்தது. அதை உண்மையாகவே நிரப்பி அனுப்பினார். அலுவலகத்தில் அதைப் படித்தவர்கள், "இந்தச் சுகியாமா அந்தச் சுகியாமாவா?" என்று திகைத்துப்போய் அவரைத் தொடர்புகொண்டார்கள். அவருக்கு விளையாட்டு என்றால் உயிர். அதனால்தான் அந்த வேலையை அவர் குறைவாக நினைக்கவில்லை. 55 வயதில், பெயர் சம்பாதித்த ஒரு மனிதர், பிள்ளைகளின் விளையாட்டை மதித்து உட்கார்ந்து வேலை செய்தார். நம் வயதுக்காரர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது.

இரண்டு மூன்று குரலை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும்? இதற்கும் பழைய விடை ஒன்று உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டில் பாக், துணை வாத்தியம் எதுவும் இல்லாமல் ஒரே ஒரு புல்லாங்குழலுக்கு இசை எழுதினார், ஒரே ஒரு செல்லோவுக்கு ஆறு தொகுப்புகள் எழுதினார். ஒற்றை வாத்தியம் தாழ்ந்த சுரத்தையும் உயர்ந்த சுரத்தையும் மாற்றி மாற்றித் தொடும்போது, நம் காது அதை இரண்டு பேர் வாசிப்பதாகச் சேர்த்துக்கொள்கிறது. சேர்ந்து ஒலிக்க வேண்டிய சுரங்களை உடைத்து ஒன்றன்பின் ஒன்றாக ஓடவிட்டால் போதும், மிச்சத்தை மனம் நிரப்பிக்கொள்ளும். டிராகன் குவெஸ்டில் அரண்மனைக்குள் நுழைந்ததும் ஒலிக்கும் இசை அந்தப் பழைய பாணியில்தான் இருக்கிறது. இரண்டு கோடுகள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஓடும். கேட்டால் உயரமான கூரையும் பளிங்குத் தரையும் தெரியும். திரையில் இருப்பதோ சில பழுப்புக் கட்டங்கள்.

வெளியே வயல்வெளிக்கு வந்தால் இசை அப்படியே மாறிவிடும். முதல் ஆட்டத்தில் வீரன் ஒரே ஆள். துணை கிடையாது. அவன் நடக்கும்போது ஒலிப்பது சோகம் கலந்த ஒரு தனி மெட்டு. வீர சாகசக் கதைக்கு முரசு கொட்டாமல், ஆளில்லாத ஊரில் மாலை நேரம் தனியாக நடப்பது போல எழுதியிருக்கிறார். பாதாளக் குகைக்குள் இறங்கினால் இன்னொரு வேலை செய்திருக்கிறார். ஒவ்வொரு தளம் கீழே இறங்கும்போதும் அதே இசை சுருதி இறங்கி, வேகமும் குறைந்து ஒலிக்கும். புதிதாக ஒரு சுரம்கூட எழுத வேண்டியதில்லை, நினைவகமும் செலவில்லை. ஆனால் ஆடுகிற பிள்ளைக்கு, தான் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறோம் என்று வயிற்றில் தெரியும்.

இரண்டாவது ஆட்டம் 1987 ஜனவரியில் வந்தது. இதில் வீரனுக்கு இரண்டு துணைகள், ஆனால் தொடக்கத்திலேயே கிடைக்க மாட்டார்கள். தேடிப் பிடிக்க வேண்டும். அதுவரை வெளியில் நடக்கும்போது ஒரு மெட்டு. மூன்றாவது ஆளும் சேர்ந்த பிறகு வெளியே கால் வைத்தால், இசை மாறி உற்சாகமான வேறொரு மெட்டு தொடங்கும். "இனி நீ தனியாள் இல்லை" என்று எந்த வசனமும் சொல்லவில்லை. இசை சொன்னது.

மூன்றாவது ஆட்டம் 1988 பிப்ரவரி 10, புதன்கிழமை வெளியானது. ஜப்பானில் பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டுப் பிள்ளைகள் கடை வாசலில் வரிசையில் நின்றார்கள். பெரிய செய்தியானது. அதன் பிறகு பள்ளி நாளில் இந்த ஆட்டத்தை வெளியிடக் கூடாதென்று சட்டமே வந்ததாக ஒரு கதை உலவுகிறது, அது வெறும் கதை. ஒரு வாத்தியாராக அந்தப் பிள்ளைகளைக் கண்டிக்கத்தான் செய்வேன். ஆனால் அந்த ஆட்டத்தில் ஒளிந்திருந்தது என்ன என்று தெரிந்த பிறகு கொஞ்சம் மெதுவாகத்தான் கண்டிப்பேன்.

இந்த ஆட்டத்தில் இடம் போதவில்லை. அதனால் எல்லோருக்கும் பழகிப்போன தொடக்க இசையையே எடுத்துவிட்டார்கள். பெட்டியைப் போட்டால் கறுப்புத் திரையில் பெயர் மட்டும், சத்தமே இல்லை. பிள்ளைகள் உலகமெல்லாம் சுற்றி, பெரிய அரக்கனை வென்று, முடிந்தது என்று நினைக்கும்போது, பூமியில் உள்ள ஒரு பெரும் பள்ளம் வழியாக இன்னோர் உலகத்துக்குள் இறங்க வேண்டி வரும். அங்கே ஒரே இருட்டு. எங்கே வந்திருக்கிறோம் என்று தெரியாது. வெளியே நாலடி நடந்தால் ஒரு மெட்டு. அது 1986-ல் முதல் ஆட்டத்தில், அந்த ஒற்றை வீரன் தனியாக நடந்தபோது கேட்ட அதே மெட்டு! அப்போதுதான் புரியும். இது முதல் ஆட்டத்தின் நாடான அலெஃப்கார்ட். ஆனால் காலம் அதற்கும் முந்தியது. முதல் இரண்டு ஆட்டங்களிலும் 'நம் மூதாதை' என்று எல்லோரும் பேசிய ரோட்டோ என்ற மாவீரன் வேறு யாருமில்லை, இப்போது நாம் நடத்திக்கொண்டிருக்கும் இந்த ஆள்தான்.

இரண்டு வருடத்துக்கு முன் கேட்ட ஒரு மெட்டை வைத்து, ஒரு குழந்தைக்கு 'நீ வரலாற்றுக்குள் நிற்கிறாய்' என்று உணர்த்திவிட்டார்கள். முப்பது வருடத்துக்கு மேல் வரலாறு பாடம் நடத்தியவன் சொல்கிறேன், இதைச் செய்வது எளிதல்ல.

இப்போது ஆர்க்கெஸ்ட்ராவுக்கு வருகிறேன். சுகியாமா தொடக்கத்திலிருந்தே இந்த இசையைப் பெட்டியின் இசையாக மட்டும் நினைக்கவில்லை. முதல் ஆட்டம் வந்த வருடமே தந்தி வாத்தியக் குழுவைக் கொண்டு அதைத் தொகுப்பாக வாசித்து வெளியிட்டார். 1987 ஆகஸ்ட் 20-ல், டோக்கியோவின் சன்டோரி ஹாலில், 'ஃபேமிலி கிளாசிக் கான்செர்ட்' என்ற பெயரில் கச்சேரி. அந்த அரங்கம் திறந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, நாட்டின் முதல்தர இசை அரங்கம் அது. முதல் இரண்டு ஆட்டங்களின் இசையோடு, பிரெஞ்சு இசையமைப்பாளர் சான்-சான்ஸ் எழுதிய 'விலங்குகளின் திருவிழா'வையும் சேர்த்து வாசித்தார்கள். வீடியோ கேம் இசைக்கென்று உலகில் நடந்த முதல் ஆர்க்கெஸ்ட்ரா கச்சேரியாக அதைத்தான் குறிப்பிடுகிறார்கள்.

அவர் போட்ட கணக்கைப் பாருங்கள். பிள்ளைகள் தங்களுக்குத் தெரிந்த மெட்டைக் கேட்க வருவார்கள். வந்த இடத்தில் நிஜ வயலின் எப்படி ஒலிக்கும், பிரெஞ்சு ஹார்ன் எப்படி ஒலிக்கும் என்று காதாலும் கண்ணாலும் தெரிந்துகொள்வார்கள். கூடவே சான்-சான்ஸையும் கேட்டுவிட்டுப் போவார்கள். தெரிந்ததிலிருந்து தெரியாததற்குக் கூட்டிக்கொண்டு போவது. பி.எட். வகுப்பில் நாங்கள் மனப்பாடம் செய்த வாசகம்தான் இது. அதன் பிறகு அந்தக் கச்சேரி வருடாவருடம் நடக்கும் வழக்கமாயிற்று. என்.ஹெச்.கே. சிம்பொனி, லண்டன் பில்ஹார்மோனிக், டோக்கியோ மெட்ரோபாலிட்டன் சிம்பொனி என்று பெரிய ஆர்க்கெஸ்ட்ராக்கள் இந்த இசையைப் பதிவு செய்தன.

ஆனால் ஆட்டத்துக்குள் ஆர்க்கெஸ்ட்ரா வர வெகுகாலம் பிடித்தது. குறுந்தகடு வந்த பிறகுதான் நிஜ வாத்திய ஒலியைப் பெட்டிக்குள் வைக்க இடம் கிடைத்தது. அமெரிக்காவில் 90-களின் கடைசியில் மைக்கேல் ஜியாக்கினோ போன்றவர்கள் ஆட்டங்களுக்காகவே ஆர்க்கெஸ்ட்ராவை உட்காரவைத்துப் பதிவு செய்தார்கள். அவர் பிறகு சினிமாவுக்குப் போய் 'அப்' படத்துக்கு ஆஸ்கர் வாங்கினார். டிராகன் குவெஸ்டிலோ, 2017-ல் வந்த பதினோராவது ஆட்டம்கூட முதலில் கணினி ஒலியோடுதான் வந்தது. ரசிகர்கள் முணுமுணுத்தார்கள். 2019-ல் வந்த பதிப்பில்தான் ஆர்க்கெஸ்ட்ரா இசை சேர்ந்தது.

இடம் கிடைத்ததும் எல்லாம் எளிதாகிவிட்டதா என்றால், இல்லை. மேடையில் ஆர்க்கெஸ்ட்ரா வாசிக்கும்போது நடத்துநர் கையசைப்பில் எல்லாம் ஓடும். ஆட்டத்தில் நடத்துநர் யார்? ஆடுகிற பிள்ளை. அவன் ஒரே வயலில் அரை மணி நேரம் சுற்றுவான், திடீரென்று எதிரியிடம் மாட்டுவான். பதிவு செய்து முடித்த இசை அதற்கு எப்படி வளையும்? 1991-ல் லூகாஸ் ஆர்ட்ஸ் நிறுவனத்தின் 'மங்கி ஐலண்ட் 2' ஆட்டத்தில் மைக்கேல் லேண்ட், பீட்டர் மெக்கானல் இருவரும் இதற்கு ஒரு வழி கண்டார்கள். இடம் மாறும்போது இசை வெட்டுப்படாமல், பொருத்தமான ஒரு திருப்பத்துக்குக் காத்திருந்து, அடுத்த இசைக்குள் நழுவிப் போகும். இன்று ஆர்க்கெஸ்ட்ராவையே அடுக்கடுக்காகப் பதிவு செய்கிறார்கள். தந்தி வாத்தியங்கள் தனி, குழல்கள் தனி, தாளம் தனி. அமைதியாக நடந்தால் தந்தி மட்டும், ஆபத்து நெருங்கினால் தாளம் சேரும், சண்டை மூண்டால் பித்தளைக் குழல்கள் முழங்கும். 1978-ல் நான்கு சுரம் வேகம் கூடியதே, அதன் பேரப்பிள்ளை இது.

இந்த இசைக்கு இன்னொரு கடமையும் உண்டு. நூறாவது தடவை கேட்டாலும் சலிக்கக் கூடாது. சினிமாப் பின்னணி இசையை ஒரு தடவை கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுவோம். இதை மாதக்கணக்கில் கேட்க வேண்டும்.

மற்ற நாடுகளும் மெல்லத் திரும்பிப் பார்த்தன. 2003 ஆகஸ்டில் ஜெர்மனியின் லைப்சிக் நகரில், கெவாண்ட்ஹவுஸ் அரங்கில் கேம் இசைக் கச்சேரி நடந்தது. பாக் வாழ்ந்து மறைந்த ஊர் அது. கிறிஸ்டோபர் டின் 'சிவிலைசேஷன் 4' ஆட்டத்துக்கு ஸ்வாஹிலி மொழியில் எழுதிய பாடல் 2011-ல் கிராமி விருது வாங்கியது. 2023-ல் கேம் இசைக்கென்றே தனிக் கிராமி விருது வந்தது. அதே வருடம், கோஜி கோண்டோ எழுதிய மரியோ மெட்டை அமெரிக்க நாடாளுமன்ற நூலகம், காலத்துக்கும் காக்க வேண்டிய ஒலிப்பதிவுகளின் பட்டியலில் சேர்த்தது. வீடியோ கேம் இசையில் அந்தப் பட்டியலுக்குள் போனது அதுதான் முதல்.

2021 ஜூலை 23. டோக்கியோ ஒலிம்பிக் தொடக்க விழா. நாடுகளின் அணிவகுப்பு தொடங்கியபோது முதலில் ஒலித்தது டிராகன் குவெஸ்ட் தொடக்க இசை. கொரோனாவால் காலியாகக் கிடந்த அரங்கத்தில், 64 கிலோபைட்டுக்குள் பிறந்த அந்த மெட்டு, பித்தளைக் குழல்களின் முழக்கத்தோடு உலக நாடுகளை வரவேற்றது. சுகியாமாவுக்கு அப்போது 90 வயது. அதே ஆண்டு செப்டம்பர் 30-ல் காலமானார்.

இந்த இடத்தில் பதிவை முடித்தால் அழகாக இருக்கும். ஆனால் நான் வரலாறு வாத்தியார். மிச்சத்தையும் சொல்லியாக வேண்டும்.

இரண்டாம் உலகப் போரின்போதும் அதற்கு முன்பும் ஜப்பானிய ராணுவம், கொரியா, சீனா, பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா என்று பல நாடுகளின் பெண்களைத் தன் ராணுவ விடுதிகளில் பாலியல் அடிமைகளாக வைத்திருந்தது. 'ஆறுதல் பெண்கள்' என்று அதற்கு ஒரு நாகரிகப் பெயர் வேறு. 1991 ஆகஸ்டில் கிம் ஹாக்-சுன் என்ற கொரிய மூதாட்டி தன் பெயரையும் முகத்தையும் மறைக்காமல் முன்வந்து, தனக்கு நடந்ததைச் சொன்னார். 1993-ல் ஜப்பானிய அரசே, ராணுவத்தின் பங்கையும், பல பெண்கள் தங்கள் விருப்பத்துக்கு மாறாகக் கொண்டுவரப்பட்டதையும் ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தது.

2007 ஜூன் 14 அன்று வாஷிங்டன் போஸ்ட் நாளிதழில் ஒரு முழுப்பக்க விளம்பரம் வந்தது. தலைப்பு, 'உண்மைகள்'. ராணுவம் பெண்களை வற்புறுத்தியதற்கு ஆவண ஆதாரமே இல்லை என்று அது வாதாடியது. அதை வெளியிட்ட குழுவினரின் பெயர்களில் கோய்ச்சி சுகியாமாவின் பெயரும் இருக்கிறது.

ஒலிம்பிக்கில் அவர் இசை ஒலித்தபோது பலர் மனம் புண்பட்டதற்குக் காரணம் இந்த மாதிரிச் செயல்கள்தான். நமக்கும் இது தூரத்துச் செய்தி அல்ல. அதே போரில், அதே ராணுவம் சயாம்-பர்மா ரயில் பாதை போட மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன தமிழர்கள் பல்லாயிரம் பேர் அந்தக் காட்டிலேயே செத்து மடிந்தார்கள். மலேசியாவிலிருந்து இதைப் படிக்கும் நம் உறவுகளுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு ஒரு கல்லறையோ, பதிவேட்டில் ஒரு வரியோ கிடையாது. காகிதம் இல்லை, ஆகவே நடக்கவில்லை என்று யாராவது சொன்னால் நமக்கு எப்படி இருக்கும்? பதிவேடு வைத்திருந்ததும், தோற்றபோது அதைக் கொளுத்தியதும் ஒரே கைதான் என்பதை மறந்துவிடக் கூடாது. பாதிக்கப்பட்டவரின் வாய்மொழியும் வரலாற்றுச் சான்றுதான்.

அப்படியானால் அந்த இசையை என்ன செய்வது? "கலை வேறு, கலைஞன் வேறு" என்று சட்டென்று ஒரு வாசகம் சொல்வார்கள். சௌகரியமான வாசகம். "அவர் இசையைக் கேட்கவே கூடாது" என்பவர்களும் உண்டு. அவர்களுடைய கோபம் எனக்குப் புரிகிறது. கேட்க மறுப்பது அவர்கள் உரிமை.

என் நிலை இது. வகுப்பில் இதை நடத்தினால் இரண்டையும் ஒரே நாளில் நடத்துவேன். மூன்றாவது ஆட்டத்தில் பழைய மெட்டு திரும்பி வரும் இடத்தைப் போட்டுக் காட்டுவேன். ஒரு குழந்தைக்கு மூதாதையரைப் பற்றி இவ்வளவு நுட்பமாக உணர்த்தத் தெரிந்த மனிதர் இவர் என்று மனமாரச் சொல்வேன். அதே மூச்சில், அதே மனிதர் தன் நாட்டின் மூதாதையர் செய்த கொடுமையைப் பார்க்க மறுத்தார் என்றும் சொல்வேன். பாராட்டில் ஒரு மதிப்பெண் குறைக்க மாட்டேன். குற்றச்சாட்டிலும் குறைக்க மாட்டேன். அந்தப் பழைய பெட்டியில் சத்தம் ஒன்று வந்தால் ஒரு குரல் அமுங்கிவிடும். அது அந்தச் சில்லின் குறை. நம் மண்டைக்குள் இருப்பது அதைவிடப் பெரியது, இரண்டு குரலையும் சேர்த்துக் கேட்க அதற்கு இடம் இருக்கிறது.

இன்னொன்று. ஆர்க்கெஸ்ட்ரா இசை ஒரே ஆளுடைய சொத்து அல்ல. ஹோரியின் கதை, நகமுராவின் நிரல், டோரியாமாவின் கோடு, மேடையில் மூச்சைப் பிடித்து வாசித்த அத்தனை பேர், குகைக்குள் தனியாக இறங்கிய அத்தனை பிள்ளைகள் எல்லோருக்கும் அதில் பங்குண்டு.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளை எவ்வளவு நேரம் ஆடலாம் என்று கண்டிப்பது உங்கள் வேலை, அதை விடாதீர்கள். ஆனால் அவன் எதைக் கேட்கிறான் என்று தெரியாமல் 'சத்தத்தை நிறுத்து' என்று சொல்லாதீர்கள். ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பாட்டு கேளுங்கள். எந்த இடத்தில் இது வரும், அப்போது என்ன நடக்கும் என்று கேளுங்கள். அவன் பேசிக்கொண்டே போவான், பாருங்கள்.

பழக்கதோஷம், வீட்டுப்பாடம் கொடுக்காமல் விட முடியவில்லை. மூன்று வேலை.

ஒன்று: டிராகன் குவெஸ்ட் முதல் ஆட்டத்தின் வயல்வெளி மெட்டை முதலில் பழைய பெட்டியின் ஒலியில் கேளுங்கள், பிறகு ஆர்க்கெஸ்ட்ராவில் கேளுங்கள். எது கூடியது, எது குறைந்தது என்று நாலு வரி எழுதுங்கள். குறைந்ததும் ஏதோ இருக்கிறது, தேடுங்கள்.

இரண்டு: ஹாண்டெலின் படகு இசையில் ஏதாவது ஒரு பகுதியைக் கேளுங்கள். அரசர் ஏன் மூன்று தடவை கேட்டார் என்று யோசியுங்கள்.

மூன்று: கிம் ஹாக்-சுன் யார் என்று உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். வயது பார்த்து, பக்குவமாகச் சொல்லுங்கள். ஆனால் சொல்லுங்கள்.

விடைத்தாள் திருத்திப் பல வருடமாகிறது. சிவப்புப் பேனா இன்னும் மேஜையில்தான் இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் வரலாறு வாத்தியார்